மரணப் போட்டிக் கதைகளும் காமன் கூத்தும்



மாசி மாதத்துப் பனி உடப்புசல்லாவை மலைகளில் இறங்கிய பின்னர், பகலெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்தவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயத்து முற்றத்திலே வந்து கூடுவார்கள். தப்பு முழங்கும்; காமன் கூத்து தொடங்கும். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதன் நெற்றிக்கண் நெருப்பிலே சாம்பலாவான் என்பது, தாய்மடியில் உறங்கும் குழந்தை நீங்கலாக, அங்கிருக்கும் அனைவருக்கும் தெரியும். சென்ற ஆண்டும் எரிந்தான். அதற்கு முந்திய ஆண்டும் எரிந்தான். முடிவு தெரிந்த கதைக்காக மறுநாள் வேலை கிடக்கும் மக்கள் உறக்கத்தைத் துறப்பானேன்?

இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு சற்றுத் தொலைவு சென்று வருவோம். உயிரைப் பணயமாக வைக்கும் போட்டியைப் பொருளாகக் கொண்ட கதைகளுக்கு இந்நாளில் உலகெங்கும் பெரும் வரவேற்பு உண்டு. 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய எழுத்தாளர் கௌஷுன் தக்காமியின் ‘பட்டில் ரொயேல்’ வெளிவந்தது. ஒரு வகுப்பு மாணவர்களைத் தீவொன்றில் விட்டு, ஒருவரே எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லச் செய்யும் கதை அது. 2008இல் அமெரிக்க எழுத்தாளர் சுசான் கொலின்ஸ் ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலை வெளியிட்டபோது, இது அதன் நகல் என்று பலர் குற்றஞ்சாட்டினர். தம் நூலை எழுதிக் கொடுத்த பின்னரே அந்த நாவலைப் பற்றித் தாம் கேள்வியுற்றதாக அம்மையார் கூறினார். தமக்கு வித்தாக அமைந்தது, ஏதென்ஸ் நகரத்து இளைஞரும் கன்னியரும் கிரீட் தீவின் அசுரனுக்கு இரையாக அனுப்பப்பட்ட பழைய கிரேக்கக் கதையே என்றும் கூறினார்.

நமக்கு அது புதிய கதையா என்ன? ஏகசக்கர நகரத்திலே பகாசுரனுக்கு முறைவைத்து வண்டிச்சோற்றோடு ஓர் ஆளையும் அனுப்பியதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். முறை வந்த வீட்டிலே தந்தை தான் போவதாகச் சொல்கிறார், தாய் தடுத்துத் தான் போவதாகச் சொல்கிறாள், மகளும் முன்வருகிறாள். மழலை மாறாத சிறுவன் ஒரு புல்லை எடுத்துக் காட்டி, இதனாலேயே அரக்கனைக் கொல்வேன் என்கிறான். பீமனுடைய சண்டை மறந்துபோனாலும் அந்தச் சிறுவனின் புல் மறப்பதில்லை. தங்கைக்குப் பதிலாகத் தானே முன்வரும் ‘ஹங்கர் கேம்ஸ்’ நாயகியும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு உறவினளே எனலாம். எனினும் அதனை நகல் என்பது பொருந்தாது. போட்டியின் எலும்புக்கூடு ஊர்ப் பொதுச்சொத்து. யாருடைய கண்ணால் அதைக் காண்கிறோம் என்பதிலேதான் ஆசிரியர் தம் முதலைப் போடுகிறார்.

இதற்குத் தமிழிலே நல்ல சான்று சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. ஏறு தழுவுதல் கலித்தொகையின் முல்லைக்கலி தொட்டு வரும் பொருள். அங்கே ஏறு தழுவியவனுக்குப் பெண் பரிசு. செல்லப்பாவின் பிச்சியோ, தன் தந்தையைக் கொன்ற ஜமீன்தாரின் காரிக்காளையை அடக்க வருகிறான். பழிவாங்கும் கதைதானே என்று படித்துக்கொண்டு போனால், இறுதியிலே காளையைச் சுட்டு வீழ்த்துவது பிச்சி அல்லன், அதன் சொந்தக்காரரே. வாயில்லாத பிராணியின் தோல்வியைத் தம் மானக்கேடாகக் கருதும் மனிதர் அவர். மரணம் வர வேண்டிய திசையினின்று வரவில்லை. ஆசிரியரின் சொந்தச் சொத்து அதுதான்.

இனி லயத்து முற்றத்துக்குத் திரும்புவோம். கந்தபுராணத்தின் காமதகனப் படலத்தில் இரதியின் குரல் பெரிதும் கணவன் எரிந்த பின்னரே ஒலிக்கிறது. கூத்திலோ, அவன் புறப்படுமுன்பே அவள் வழிமறிக்கிறாள். தான் கண்ட கெட்ட கனவுகளைச் சொல்கிறாள்; போகாதே என்கிறாள். அவன் மறுக்க, அவள் மன்றாட, வாதம் நீண்டுகொண்டே போகும். கேட்டிருக்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மேலிடத்துக் கட்டளைக்குப் பணிந்து வீட்டு மனிதன் புறப்படுவதும், போனவன் திரும்பாததும் அவர்களுக்குப் புராணம் அல்ல. கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்து வந்து, மலைக்கு நடந்த வழியிலேயே மாண்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின்னர், உற்றாரைத் தலைமன்னார்க் கப்பலுக்கு அனுப்பிவிட்டு நின்றவர்களும் அவர்களே. சாம்பலாவதைக் காண மட்டும் அவர்கள் விழித்திருப்பதில்லை. “போகாதே” என்று தாம் சொல்ல முடியாமற் போனதை இரதி சொல்லக் கேட்கவே விழித்திருக்கிறார்கள்.

தஞ்சைப் பக்கத்து லாவணிக்காரர்கள் இன்னும் துணிந்து, காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து பாடுவார்கள். முடிவையே வழக்காடு மன்றத்தில் நிறுத்திவிடும் குறும்பு அது!

விடிய விடிய ஆடும் கூத்தை நகரத்து மேடைக்காக ஒரு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. அடக்கலாம். நெருப்பு வேண்டுமானால் சிறிதாக எரியட்டும். இரதியின் வாதத்தில் மட்டும் கை வைக்காதிருப்பார்களாக.