வேலையைக் கற்றுத்தருவதும் ஒரு வேலையே

பணியாளர்களின் கற்றலுக்கு நிறுவனம் துணைநிற்பது என்றால், ஆண்டுக்கு ஓரிரு முறை வகுப்பு நடத்திச் சான்றிதழ் வழங்குவதே பலருக்கும் நினைவுக்கு வரும். வேலையின் நுணுக்கங்களைப் பெரும்பாலோர் பழகிக்கொள்வதோ வேலை நடக்கும் இடத்தில், உடனிருக்கும் மேற்பார்வையாளரிடமிருந்துதான். இதையே அடிப்படையாகக் கொண்டு அமெரிக்க அரசு 1940இல் தொடங்கிய 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்னும் திட்டம், பணியிடக் கற்றலின் வரலாற்றில் தனி இடம் பெற்றது.

இரண்டாம் உலகப் போருக்கான உற்பத்தி பெருகியபோது, தொழிற்சாலை வாசலையே மிதித்திராத ஆண்களும் பெண்களும் பெருந்தொகையாக வேலைக்குச் சேர்ந்தனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நேரடியாகப் பயிற்சி தருவது இயலாது என்று கண்ட சானிங் டூலி தலைமையிலான குழு, மேற்பார்வையாளர்களுக்குக் கற்றுத்தரும் முறையைப் பழக்கி, அவர்கள் வழியாகத் தொழிலாளர்களைச் சென்றடைந்தது. 1945இல் திட்டம் முடிவதற்குள் 16,000க்கும் மேற்பட்ட தொழிலகங்களில் 16 லட்சத்துக்கும் அதிகமானோர் சான்றிதழ் பெற்றனர். இதன் முதன்மைப் பாடமான 'வேலை கற்பித்தல்', இரண்டு மணி நேர அமர்வுகள் ஐந்து, ஆக 10 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதல் அமர்வில், விளக்கு மாட்டும் ஹோல்டருக்குள் ஒயர் இழுபடாமல் இருக்கப் போடப்படும் ஒரு முடிச்சைப் பயிற்சியாளர் எடுத்துக்கொள்வார். அதைப் போடும் விதத்தை வாயால் மட்டும் சொன்னால், கேட்டவருக்குப் போட வராது. பேசாமல் செய்துகாட்டினால், பார்த்தவரும் தடுமாறுவார். கண் பார்த்தால் கை செய்யும் என்ற நம்பிக்கை அங்கேயே தளர்ந்துவிட, சரியான வழி அதன்பின் தொடங்கும்.

அவ்வழி நான்கு படிகளாலானது. கற்பவரின் பதற்றத்தைத் தணித்து, அவருக்கு முன்பே தெரிந்தது எவ்வளவு என்று கேட்டறிவது முதற்படி. வேலையை ஒவ்வொரு கட்டமாகச் சொல்லியும் செய்துகாட்டியும் விளக்குவது இரண்டாம் படி. அவரையே செய்யவைத்து, ஏன் அவ்வாறு செய்கிறார் என்பதையும் சொல்லவைப்பது மூன்றாம் படி. தனியே விட்டபின், ஐயம் வந்தால் யாரைக் கேட்பது என்று காட்டி, அடிக்கடி வந்து பார்த்து, மேற்பார்வையைப் படிப்படியாகக் குறைப்பது நான்காம் படி. இவற்றுக்கு முன்னதாக, வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய 'முக்கியக் குறிப்பு'களை, அதாவது வேலை கெடாமலும் தொழிலாளிக்குக் காயம் நேராமலும் எளிதாக முடிவதற்கான நுணுக்கங்களை, மேற்பார்வையாளர் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டு அனுபவத்தில் கை தானாகச் செய்வதை அனுபவசாலி தனித்துக் கவனிப்பதில்லை என்பதால், அதைச் சொல்லாமலே விட்டுவிடுவார். அக்குறையை இவ்வெழுத்துவேலை போக்குகிறது.

தொழிலாளி கற்கவில்லையென்றால் ஆசிரியர் கற்பிக்கவில்லை என்பதே இத்திட்டத்தின் முழக்கம். போருக்குப்பின் ஜப்பானுக்குச் சென்ற இம்முறையை டொயோட்டா 1950களின் தொடக்கத்திலேயே ஏற்று, தன் உற்பத்தி முறையின் ஓர் அங்கமாக்கிக்கொண்டது.

இன்று இணையவழிப் பாடங்களுக்குப் பணம் ஒதுக்கும் நிறுவனங்கள், மேற்பார்வையாளர் கற்றுத்தருவதற்கு நேரம் ஒதுக்குவது அரிது. அன்றைய உற்பத்தி இலக்கைக் கொண்டே அவரை மதிப்பிட்டால், புதியவருக்குக் கற்றுத்தரும் அரைமணி நேரம் அவருக்கு இழப்பாகவே தோன்றும். ஆகவே கற்பித்தலை அவருடைய பணிப்பட்டியலிலும் பதவி உயர்வுக்கான மதிப்பீட்டிலும் சேர்ப்பதே, பணியாளர் கற்றலுக்கு நிறுவனம் செய்யத்தக்க முதல் உதவியாகும்.