தராசு காட்டாத மெலிவு

மருதமுனையில் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்ட காலத்தில், ஈரல் பழுதாகிப்போனவரை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது அவர் உடுத்த சாறன்தான். வயிறு நீர்கோத்து முட்டியிருக்கும். கட்டிய சாறன் இடுப்பில் நிற்காது. நெற்றிப்பொட்டு குழிந்து, தோளெலும்பு துருத்தி, தறியடித்த கை குச்சியாகியிருக்கும். சுகம் விசாரிக்க வந்த மூத்தம்மாமார் முகத்தைப் பார்க்குமுன் கையைத்தான் பிடித்துப் பார்ப்பார்கள்.

அந்தப் பார்வை வைத்திய நூலிலும் ஒருகாலம் இருந்தது. 1964இல் அமெரிக்காவின் மிச்சிகனில் சைல்ட், டர்கோட் என்ற இருவர் ஈரல் நோயாளிகளைச் சத்திரசிகிச்சைக்கு முன் தரம்பிரிக்க ஐந்து விடயங்களைப் பார்த்தார்கள். இரத்தத்தில் பிலிருபின், அல்புமின், பிறகு வயிற்று நீர், புத்தி மயக்கம் என்பன நான்கு. ஐந்தாவது, ஆள் தேறியிருக்கிறாரா தேய்ந்திருக்கிறாரா என்பது. 1973இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆஸ்பத்திரியில் பியூவும் சகாக்களும் அந்த ஐந்தாவதை எடுத்துவிட்டு, இரத்தம் உறையும் நேரத்தை வைத்தார்கள். ஒரு டொக்டருக்கு மெலிவாகத் தெரிந்தது இன்னொருவருக்குப் பரவாயில்லை என்று படும். இரத்தப் பரிசோதனையில் அந்தப் பிணக்கு இல்லை. 2002இலிருந்து அமெரிக்காவில் மாற்று ஈரலுக்கான வரிசையைத் தீர்மானித்த 'மெல்ட்' புள்ளியும் பிலிருபின், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின், இரத்த உறைவைக் காட்டும் ஐ.என்.ஆர். மூன்றையும்தான் கேட்டது. தசையை அது கேட்கவேயில்லை. எனக்கென்னவோ, நியாயமான காரணத்துக்காக ஏற்றுக்கொண்ட பெரிய இழப்பு அது.

தறிச்சத்தம் கேட்ட அந்தக் காலத்தில் நம் ஊரில் ஈரல் மாற்றம் என்ற பேச்சே கிடையாது. இந்தியாவில்கூட முதல் வெற்றி 1998இல்தான் வந்தது. காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு வாப்பாவின் ஈரலில் ஒரு துண்டை டெல்லியில் வைத்தார்கள். இப்போது ராகம போதனா வைத்தியசாலையிலேயே செய்கிறார்கள்.

நோயாளியின் தோற்றமும் மாறிவிட்டது. குடியே அறியாத மனிதருக்கு எப்படி ஈரல் சுருங்கும் என்று ஊர் இன்னும் கேட்கிறது. 2007இல் ராகமையில் நடுவயதினரைப் பரிசோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. குடியில்லாமலே சிலருக்கு ஈரலைச் சுருக்குவது அந்தக் கொழுப்புத்தான். சீனி வருத்தமும் பருமனும் உள்ள இவர்களைப் பார்த்து யாரும் மெலிந்துவிட்டார் என்று சொல்லமாட்டார்கள். தசை கரைவது கொழுப்புக்கு அடியில் நடக்கிறது. மூத்தம்மாவின் கண்ணும் இங்கே ஏமாறும்.

தராசு அதைவிட மோசமாக ஏமாற்றும். வயிற்றில் நீர் மிக அதிகமென்றால் நிறுத்த எடையில் நூற்றுக்குப் 15, காலும் வீங்கியிருந்தால் இன்னொரு 5 கழிக்கவேண்டும் என்பது இன்றைய கணக்கு. 70 கிலோ என்று கொப்பியில் எழுதப்பட்டவர் உண்மையில் 56 கிலோதான். அதனால் இப்போது ஸ்கேனில் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது 2017இல் கலிபோர்னியாவில் உருவான ஒரு சோதனை: கையால் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழ எவ்வளவு நேரம் எடுக்கிறார், தடுமாறாமல் நிற்கிறாரா. பிடியை அளக்க ஒரு கருவி வேண்டும்; மற்றதற்கு நாற்காலியும் கடிகாரமும் போதும். 1973இல் வெளியே தள்ளப்பட்ட ஐந்தாவது விடயம், இப்படி எண்ணை உடுத்திக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

பத்தியம்தான் தலைகீழானது. முன்பு மீன், முட்டை, பருப்பு எல்லாம் விலக்கி வெறுங் கஞ்சி கொடுத்தார்கள். வீட்டில் மட்டுமல்ல, புத்தி மயங்கும் என்று பயந்து வாட்டிலும் புரதத்தை வெட்டினார்கள். 2004இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வு, வெட்டுவதால் பயனில்லை என்று காட்டியது. இப்போது உடல் எடையின் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் கொடுக்கச் சொல்கிறார்கள். 56 கிலோக்காரருக்கு நாளுக்கு 67 கிராமுக்குக் குறையக்கூடாது. கஞ்சியால் அது ஆகிற காரியமில்லை.

இராப்பட்டினியும் அப்படித்தான். சுருங்கிய ஈரலில் சேமிப்புச் சீனி கிடையாது. ஓர் இரவு சாப்பிடாமல் தூங்கினால், சுகதேகி இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததுபோல் உடம்பு தசையைக் கரைத்து எரிக்கத் தொடங்கும். அதனால் படுக்குமுன் ரொட்டியோ பிட்டோ, சுமார் 50 கிராம் மாச்சத்து வரும்படி சாப்பிடச் சொல்கிறார்கள். நோன்பு மாதத்தில் பிரச்சினை இதுதான். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்க, பதின்மூன்று மணித்தியாலம் வயிற்றைக் காயப்போடாமல் மனம் கேளாதென்று நிற்கும் வாப்பாமாரிடம் ஆலிமும் டொக்டரும் ஒன்றாகப் பேசினால்தான் எடுபடும்.

கல்முனையில் இராப் பஸ் ஏறி விடியற்காலையில் தூரத்து ஆஸ்பத்திரியில் போய் இறங்கி, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கக் காத்திருக்கும் கிளினிக் பயணத்தை யாரும் நோன்பாக எண்ணுவதில்லை. எத்தனை மணிக்குப் பின் சாப்பிடக்கூடாது, எந்தப் பரிசோதனைக்கு உண்மையில் வெறும் வயிறு வேண்டும் என்பதை முதல் தடவையே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கூடவே, நீரைக் கழித்த எடை என்ன என்பதையும்.