போர்ட் இன்ஸ்டால் என்று தட்டிய பிறகு

ஸ்னோ லெப்பர்ட் ஓடும் பழைய மேக் கணினி ஒன்றில் 'போர்ட் இன்ஸ்டால்' என்று ஒரு மென்பொருளின் பெயரோடு தட்டி என்டரை அழுத்துங்கள். திரையில் நாலைந்து வரிகள் சாதுவாக ஓடும். உள்ளே நடக்கிற கூத்து இருக்கிறதே, அடடா! சத்தம் போடாமல் வாருங்கள், எட்டிப் பார்த்துவிடுவோம்.

அந்தக் கட்டளைக்குச் சொந்தக்காரர், 2002-ல் டார்வின்போர்ட்ஸ் என்ற பெயரில் பிறந்த மேக்போர்ட்ஸ். ஆயத்தமாகக் கட்டி வைத்தது கிடைக்காவிட்டால், மென்பொருளின் மூலநிரலை இறக்கி நம் கணினியிலேயே கம்பைல் செய்து தரும். எந்தக் கம்பைலரை வைத்து? அங்கேதான் சுயம்வரம் தொடங்குகிறது.

வரிசையில் முதலில் நிற்பது ஆப்பிளின் எக்ஸ்கோடு 3-ஓடு வந்த ஜிசிசி 4.2. பக்கத்தில் பால்மணம் மாறாத கிளாங். கடைசியில் தாத்தா ஜிசிசி 4.0. ஒவ்வொரு மென்பொருளுக்கும் டிசிஎல் மொழியில் எழுதிய 'போர்ட்ஃபைல்' ஒன்று உண்டு. அதிலே ஒரு பிளாக்லிஸ்ட்! ஜிசிசி 4.2 வேண்டாம், இந்த எண்ணுக்குக் கீழே உள்ள கிளாங்கும் வேண்டாம் என்று தாட்சண்யமே இல்லாமல் சொல்லிவிடும். 'சி++11 தேவை', அதாவது சி++ மொழியின் 2011 பதிப்பு தேவை என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், வந்த மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் காலி. பிறகு மேக்போர்ட்ஸ் தானே கட்டித் தரும் புதிய கிளாங்குகள் வரிசைக்கு வரும். கழித்தது போக முதலில் நிற்பவருக்கு மாலை.

ஜிசிசி 4.2 ஏன் அப்படியே உறைந்து நின்றது? 2007-ல் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது, புதிய ஜிசிசிகள் அதற்கு மாறின. ஆப்பிள் அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. கிளாங்கை வளர்க்கப் போய்விட்டது.

இனிதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மாலை வாங்கிய கிளாங் இன்னும் பிறக்கவே இல்லை! அதையும் கம்பைல் செய்தாக வேண்டும். கிளாங்குக்கு அடித்தளமான எல்எல்விஎம்மின் நிரலே, 2014-ல் வந்த 3.5 முதல் சி++11-ல்தான். பழைய கம்பைலரால் கட்ட முடிந்த கடைசி கிளாங் 3.4. ஆகவே முதலில் 3.4, அதை வைத்து அதற்குப் பிந்தையது, அதை வைத்து இன்னும் புதியது என்று ஏணி ஏறினார்கள். நடுவில் குறும்பு ஒன்று: புதிய கிளாங்கைக் கட்ட சிமேக் என்ற கருவி வேண்டும், இன்றைய சிமேக்கைக் கட்ட சி++11 தெரிந்த கம்பைலர் வேண்டும்! இந்த வட்டத்தை உடைக்கவே 'சிமேக்-பூட்ஸ்ட்ராப்' என்று தனியாக ஒன்றை வைத்திருக்கிறார்கள், கில்லாடிகள்.

கம்பைலர் கிடைத்தாலும் ஆட்டம் ஓயாது. நேரம் கேட்கும் 'கிளாக் கெட்டைம்' என்ற ஃபங்ஷனை ஆப்பிள் சேர்த்ததே 2016-ல், சியரா பதிப்பில்தான். பழைய மேக்குகளுக்கு அதை 'லெகசி சப்போர்ட்' என்ற போர்ட் ஓசைப்படாமல் நுழைத்துவிடும்.

ஸ்னோ லெப்பர்டுக்கும் முந்தைய டைகர், லெப்பர்ட் ஓடும் பவர்பிசி மேக்குகளில் கிளாங்கை நம்ப முடியாது, ஜிசிசிதான் கதி. அங்கேயும் ஏணி உண்டு: ஜிசிசி 11-ஐக் கட்டவே சி++11 வேண்டும், 10-க்கு வேண்டாம். அப்புறமென்ன, முதலில் பத்தாம் படியில் கால் வைக்க வேண்டியதுதான்!