புதையல் தீவில் மரம் நட்டவர்

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், "இங்கே புதையல் இருக்கிறதா, அத்தா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கடலும் பாழடைந்த மதிலும் ஒன்றுசேர்ந்த இடத்தில் அந்த ஆசை எழுவது இயல்பே. அவ்வாசைக்கென்றே அமைந்தாற்போன்ற ஒரு சிறு தீவு இந்துமாக்கடலில், செஷல்ஸ் நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் முவாயேன்.

செஷல்ஸ் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. அதன் பெருந்தீவான மாஹே, 1746இல் நம் சோழமண்டலக் கரைக்குக் கப்பற்படையுடன் வந்து சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி மாஹே தெ லபூர்தொனேயின் பெயரைத் தாங்கியது. 1770இல் அந்நாட்டில் முதன்முதலாகக் குடியேறிய 28 பேருள் ஐவர் இந்தியர்.

அதற்கும் முன்னர் அத்தீவுகள் கடற்கொள்ளையரின் மறைவிடமாய் இருந்தனவாம். லெவசேர் என்பவன் 1721இல், கோவாவிலிருந்து சென்ற போர்த்துக்கீசியக் கப்பலை ரீயூனியன் தீவருகே கொள்ளையிட்டான். 1730இல் தூக்கு மேடையில் நின்றபோது, புதையலின் இடம் குறித்த ஓலையைக் கூட்டத்தில் வீசினான் என்பது கதை. அதை நம்பி ஓர் ஆங்கிலேயர் மாஹே கரையில் 1949இல் தேடத் தொடங்கி, 1977இல் இறக்கும்வரை தேடினார். புதையல் கிட்டவில்லை.

கேட்கச் சுவையான கதைதான். ஆயினும் அப்பொருளெல்லாம் எவருடையவை? 1695இல் மக்காவிலிருந்து சூரத்துக்கு ஹாஜிகளை ஏற்றிவந்த கஞ்சே சவாய் கப்பலை ஹென்றி எவ்ரி என்ற கொள்ளையன் பிடித்தான். மானங்காக்கப் பெண்கள் கடலில் குதித்ததை வரலாற்றாசிரியர் காபி கான் எழுதியிருக்கிறார். புதையல் கதை சொல்லும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாமே!

முவாயேன் தீவை 1962இல் பிரெண்டன் கிரிம்ஷா என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாசிரியர் 8,000 பவுனுக்கு வாங்கினார். மொத்தம் 24 ஏக்கர் அளவே. நெடுங்காலம் ஆளின்றிப் புதர் மண்டிக் கிடந்தது. அவரும் புதையலுக்காக இரண்டு இடங்களில் தோண்டிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. பின்னர், ரெனே லபோர்ச்சூன் என்ற உள்ளூர்த் தோழருடன் சேர்ந்து புதரை வெட்டிப் பாதை அமைத்தார். இருவருமாய் ஏறத்தாழ 16,000 மரங்களை நட்டார்கள். அழிந்துவந்த பேராமைகளைக் கொணர்ந்து வளர்த்தார்கள். பறவைகள் தாமே திரும்பி வந்தன.

விலைக்குக் கேட்டவர்கள் பலர். கிரிம்ஷா இசையவில்லை. வாரிசில்லாத தமக்குப் பின் தீவு உல்லாச விடுதியாகிவிடுமே என்றுதான் அவர் அஞ்சினார். ஆகவே அரசுடன் ஒப்பந்தம் செய்து அதனைத் தேசியப் பூங்காவாக்கிவிட்டே 2012இல் மறைந்தார். தம் தந்தையின் அருகே அத்தீவிலேயே அடக்கமாகியிருக்கிறார். பக்கத்திலேயே, கொள்ளையருடையவை எனப்படும் பெயரற்ற இரு சமாதிகளும் உள்ளன.

தலைநகர் விக்டோரியாவுக்கு அருகிலுள்ள இத்தீவுக்குப் படகில் செல்லலாம். ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம், நடைபாதையில் பேராமை படுத்திராவிட்டால்!