அரிப்புக்கு க்ரீம் வாங்குகிறீர்களா? அது எந்த அரிப்புக்கு என்று தெரியுமா?

மழை விட்ட ராத்திரி. பால்கனியில் நின்று போன் பேசிவிட்டு உள்ளே வந்தால், கை கால் எல்லாம் கொசுக்கடி. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில், “அண்ணே, அரிப்புக்கு ஏதாவது க்ரீம் குடுங்க” என்று கேட்டால், ‘என்ன அரிப்பு, எங்கே, எத்தனை நாளாக?’ என்ற கேள்வி பெரும்பாலும் வராது. ஒரு டியூப் வரும். தடவிய கொஞ்ச நேரத்தில் அரிப்பு அடங்கும். ‘செம க்ரீம்’ என்று முடிவும் கட்டியாகிவிடும்.

ஆனால், அடங்கியது க்ரீமால்தானா? கொசுக்கடி அரிப்பு எதுவும் தடவாமல் விட்டாலும் மெல்லத் தணியக்கூடியதுதான். ஜில்லென்று எதைத் தடவினாலும் அந்த நிமிடத்துக்கு இதமாகவே இருக்கும். மருந்து வேலை செய்ததா, தானாகவே போனதா என்று பிரித்துப் பார்க்க விஞ்ஞானிகள் கையாளும் வழி கொஞ்சம் விநோதமானது. எந்தத் தோல் நோயும் இல்லாத, ஆரோக்கியமான ஒருவரை அழைத்து உட்காரவைத்து, அவர் கையில் வேண்டுமென்றே அரிப்பை வரவழைப்பார்கள். பிறகு க்ரீம் அதை அடக்குகிறதா என்று பார்ப்பார்கள்.

இந்தச் சோதனைகள் சொல்லும் முக்கியமான சேதி ஒன்று உண்டு: எல்லா அரிப்பும் ஒரே அரிப்பு அல்ல.

நோயாளிகள் இருக்கும்போது இவர்கள் எதற்கு?

அரிப்பால் அவதிப்படுபவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடமே க்ரீமைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். கடைசியில் அதையும் செய்துதான் ஆக வேண்டும். ஆனால், முதல் கட்டத்தில் அதில் சிக்கல் இருக்கிறது. நோயாளியின் அரிப்பு நாளுக்கு நாள் மாறும். ராத்திரியில் கூடும், வேலையில் மூழ்கினால் குறையும், டென்ஷன் ஆனால் மறுபடி ஏறும். ஒருவர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுவார். இன்னொருவர் எண்ணெய் தடவியிருப்பார். இத்தனைக்கும் நடுவே க்ரீமின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவது கஷ்டம்.

ஆரோக்கியமானவரிடம் இந்தத் தொந்தரவு குறைவு. அரிப்பு எப்போது தொடங்கியது, எதனால் வந்தது, எந்த இடத்தில் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். ஒரே ஆளின் ஒரு கையில் மருந்துள்ள க்ரீம், இன்னொரு கையில் மருந்தில்லாத க்ரீம் என்று ஒப்பிடவும் முடியும். ஆளுக்கு ஆள் தோல் வேறுபடும் என்ற பிரச்சினையும் அதோடு பெருமளவு தீர்ந்துவிடுகிறது.

அரிப்பை எப்படி ‘வரவழைப்பது’?

முதல் வழி, ஹிஸ்டமின். கொசு கடிக்கும்போதும் அலர்ஜியால் தோல் தடிக்கும்போதும் உடலே வெளிவிடும் ரசாயனம் இது. பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ், 1920-களில் மனிதத் தோலில் ஹிஸ்டமின் என்ன செய்கிறது என்று விரிவாக ஆராய்ந்தார். குத்திய இடம் சிவக்கும், சுற்றிலும் செம்மை பரவும், நடுவில் தடிக்கும். இந்த மூன்றையும் அவர் விவரித்த விதம் இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. இப்போதைய சோதனைகளில், ஹிஸ்டமின் துளியைத் தோலில் வைத்து லேசாகக் குத்துவார்கள். அல்லது மெல்லிய மின்சாரத்தின் உதவியால் உள்ளே செலுத்துவார்கள்.

இரண்டாவது வழி, நம்மூர் வேலியோரத்திலும் காட்டோரத்திலும் படரும் ஒரு கொடி: பூனைக்காலி. சித்த மருத்துவத்தில் இதன் விதைக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால், காயின் மேலே இருக்கும் சுணையில் கை பட்டுவிட்டால் போச்சு! தாங்க முடியாத நமைச்சல் எடுக்கும். ஆய்வாளர்கள் அந்தச் சுணையில் சில பத்து மயிர்களை மட்டும் பூதக்கண்ணாடி வைத்து எண்ணி எடுத்து, முன்கையில் ஒரு சிறிய இடத்தில் வைத்து மெதுவாகத் தேய்க்கிறார்கள். ஓரிரு நிமிடத்துக்குள் அரிப்பு உச்சத்துக்குப் போகும். சில நிமிடங்களில் இறங்கத் தொடங்கும். லேசான குத்தலும் எரிச்சலும் சேர்ந்தே இருக்கும். ஆனால், ஹிஸ்டமின் போலத் தோல் பெரிதாகத் தடித்து வீங்குவதில்லை.

இரண்டு அரிப்பு, இரண்டு வழி

பூனைக்காலி ஏன் அரிக்கிறது? இந்தக் கேள்வியை 1950-களில் அமெரிக்காவில் வால்டர் ஷெல்லி, ராபர்ட் ஆர்தர் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். சுணையில் இருக்கும் ஒரு நொதிதான் காரணம் என்று கண்டறிந்து, அதற்கு ‘மியூகுனைன்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த நொதி தோலில் எதைத் தூண்டுகிறது என்பதற்கு 2008-ல் இன்னொரு அமெரிக்கக் குழு விடை சொன்னது. ஹிஸ்டமின் தொடும் வாங்கியை அது தொடுவதே இல்லை. புரதத்தை வெட்டும் நொதிகளை உணரும் வேறு வகை வாங்கிகளைத்தான் தூண்டுகிறது. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நொதிகளை வெளிவிடுகின்றன.

நரம்பும் வேறுதான். ஹிஸ்டமினுக்குத் துடிக்கும் மெல்லிய நரம்பிழைகள் ஒரு வகை. பூனைக்காலிக்குத் துடிப்பவை பெரும்பாலும் வேறு வகை. ஒரே ஊருக்கு இரண்டு ரோடு போவதுபோல. ஒரு ரோட்டை மறித்தாலும் இன்னொன்றில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஹிஸ்டமினைத் தடுக்கும் அலர்ஜி மாத்திரை, ஹிஸ்டமின் அரிப்பை நன்றாகக் குறைக்கும். பூனைக்காலி அரிப்பை அது ஒன்றும் செய்வதில்லை. கரப்பான் எனப்படும் எக்ஸிமா போன்ற நாள்பட்ட அரிப்புகளில் தூக்கம் வராத வகை அலர்ஜி மாத்திரைகள் பலருக்குப் பெரிதாக உதவாததும் இதோடு பொருந்துகிறது. அதனால்தான், ‘இந்த க்ரீம் அரிப்பைக் குறைக்கிறது’ என்று யாராவது சொன்னால், ‘எந்த முறையில் வரவழைத்த அரிப்பை?’ என்று ஆய்வாளர்கள் உடனே கேட்கிறார்கள்.

சோதனை அறையில் என்ன நடக்கும்?

தோல் நோயோ அலர்ஜியோ உள்ளவர்களை முதலிலேயே விலக்கிவிடுவார்கள். சோதனைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே அலர்ஜி மாத்திரை, வலி மாத்திரை, கையில் க்ரீம் எதுவும் கூடாது. முன்கையில் கட்டங்கள் வரைந்து, எதில் எந்த க்ரீம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பார்கள். தடவுபவருக்கும் தெரியாது, தடவிக்கொள்பவருக்கும் தெரியாது.

அடுத்துதான் கஷ்டமான பகுதி. அரிப்பை அளக்கத் தெர்மாமீட்டர் கிடையாது. சொறியத் தூண்டும் அந்த விரும்பத்தகாத உணர்ச்சிதான் அரிப்பு என்று ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் 1660-ல் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. உணர்ச்சி என்றால், அனுபவிப்பவர்தான் சொல்ல வேண்டும். 0 என்றால் அரிப்பே இல்லை. 10 என்றால் இதற்கு மேல் கற்பனை செய்ய முடியாத அரிப்பு. குறிப்பிட்ட இடைவெளியில் தன்னார்வலர் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உச்சம் எவ்வளவு, மொத்தம் எத்தனை நிமிடம் என்று ஒரு வரைபடம் கிடைக்கும். நடுவில் சொறியக் கூடாது. சொறிந்தால் உண்டாகும் மெல்லிய வலியே அரிப்பை அமுக்கிவிடும். பிறகு க்ரீமின் வேலை எது, நகத்தின் வேலை எது என்று தெரியாது.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும், எல்லாவற்றையும் விளக்கிப் பெற்ற எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கட்டாயம். “போதும், என்னால முடியல” என்று யார் வேண்டுமானாலும் எந்த நிமிடமும் எழுந்து போகலாம்.

மருந்தே இல்லாத க்ரீமும் ‘வேலை’ செய்யும்

ஒரு கையில் மருந்தில்லாத வெறும் க்ரீமை ஏன் தடவ வேண்டும்? அரிப்பு மனதின் பேச்சை அதிகம் கேட்கும் உணர்ச்சி. ஜெர்மனியில் அரிப்பைப் பற்றிய ஒரு பொது விரிவுரையின்போது பார்வையாளர்களைக் கேமராவில் பதிவு செய்தார்கள். திரையில் பூச்சிகளும் சொறியும் மனிதர்களும் வந்தபோது, அரங்கில் சொறிபவர்களின் எண்ணிக்கை கூடியது. மென்மையான, இதமான படங்கள் வந்தபோது குறைந்தது. (இதைப் படிக்கும்போதே உங்களுக்கும் எங்கேயோ அரிக்கிறதா? அதேதான்.) பார்த்தாலே அரிப்பு வரும் என்றால், ‘மருந்து போட்டாச்சு’ என்ற நம்பிக்கையிலேயே கொஞ்சம் போகவும் செய்யும். தவிர, வெறும் க்ரீமின் ஈரப்பதமும் குளிர்ச்சியுமே உலர்ந்த தோலுக்கு இதம். மருந்துள்ள க்ரீம் இதையும் தாண்டி ஜெயித்தால்தான் அது மருந்து.

மெந்தால் விஷயத்தில் இது ரொம்பச் சிக்கல். குளிர்ச்சியும் மெந்தாலும் ஹிஸ்டமின் அரிப்பைக் குறைப்பதாக 1995-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால், தடவியதுமே ஜில்லென்று இருந்தால், எந்தக் கையில் மருந்து என்பதைத் தன்னார்வலர் கண்டுபிடித்துவிடுவாரே! அந்த ஜில்லிப்பை மறைக்க எளிதான வழி இல்லை.

32 பேர், நான்கு பூச்சுகள்

அமெரிக்காவில் தோல் மருத்துவர் கில் யோசிபோவிச் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். ஆரோக்கியமான 32 பேருக்குப் பூனைக்காலியால் அரிப்பு உண்டாக்கினார்கள். ஸ்ட்ரான்டியம் உப்பு கலந்த ஜெல், மருந்தில்லாத ஜெல், 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீம், 2 சதவீத டைஃபென்ஹைட்ரமின் க்ரீம் ஆகிய நான்கையும் ஒப்பிட்டார்கள். கடைசி இரண்டும் அங்கே மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் கிடைப்பவை. அரிப்பின் உச்சத்தையும் நேரத்தையும் குறைப்பதில் ஸ்ட்ரான்டியம் ஜெல் மற்ற மூன்றையும் முந்தியது.

அப்படியானால் ஹைட்ரோகார்ட்டிசோன் வீணா? அவசரப்படக் கூடாது. அது ஸ்டீராய்டு. தோலில் அழற்சி இருந்தால், அதை நாள்கணக்கில் தணித்து, அதன் மூலம் அரிப்பைக் குறைப்பது அதன் வேலை. அழற்சியே இல்லாத நல்ல தோலில், சில நிமிட அரிப்பில் அதைச் சோதித்தால் தோற்பதில் ஆச்சரியம் இல்லை. டைஃபென்ஹைட்ரமின் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து. அரிப்போ வேறு ரோட்டில் வந்தது. ஆக, இந்தச் சோதனை ‘எது நல்ல க்ரீம்’ என்று தீர்ப்பு சொல்லவில்லை. எந்த மருந்து எந்தப் பாதையை எவ்வளவு வேகமாக மறிக்கிறது என்று மட்டும் காட்டியது.

இந்தச் சோதனைகளுக்கு எல்லை உண்டு. 6 வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் அதை நாள்பட்ட அரிப்பு என்கிறார்கள். அங்கே தோலின் தடுப்புச் சுவர் சேதமாகியிருக்கும், நரம்புகள் சின்னத் தூண்டலுக்கே துள்ளும், தூக்கம் கெட்டிருக்கும். பத்து நிமிட ஆய்வக அரிப்பில் இதெல்லாம் கிடையாது. அதனால், இங்கே ஜெயித்த க்ரீமும் நோயாளிகளிடம் வாரக்கணக்கில் சோதித்த பிறகே உண்மையான மார்க் வாங்க முடியும்.

மறுபடி மெடிக்கல் ஷாப்புக்கு

‘அரிப்புக்கு க்ரீம்’ என்று பொதுவாகக் கேட்பது, ‘காய்ச்சலுக்கு ஊசி’ என்று கேட்பது மாதிரி. காரணத்தைப் பொறுத்துத்தான் மருந்து.

கொசுக்கடி என்றால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைப்பதும், காலமைன் லோஷனும் பெரும்பாலும் போதும். ஏசி அறையிலேயே இருந்து தோல் வறண்டு அரித்தால், குளித்ததும் தடவும் சாதாரண மாய்ஸ்சரைசர்தான் முதல் மருந்து. இரவில் அரிப்பு அதிகமாகி, வீட்டில் மற்றவர்களுக்கும் வந்தால் சிரங்காக இருக்கலாம். அதற்குப் பூச்சியைக் கொல்லும் மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பூச வேண்டும்.

வட்ட வட்டமாக, ஓரம் சிவந்து பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். நம் நாட்டில் ஆபத்து அதிகம் இங்கேதான். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்த டியூபைத் தடவினால் சிவப்பும் அரிப்பும் சட்டென்று அடங்கும். ‘நல்லா கேக்குது’ என்று தொடர்வார்கள். ஆனால், ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அமுக்குவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, அழியாத வரிகள் விழலாம். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்ததும் இந்தத் தவறான பயன்பாட்டால்தான்.

அதனால், டியூபை வாங்கியதும் பிராண்ட் பெயரைவிட, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சொல்லாமல் வேண்டாம். சில வாரம் தாண்டியும் போகாத அரிப்பு, தோலில் ஒன்றுமே தெரியாமல் உடம்பெல்லாம் வரும் அரிப்பு, கண் மஞ்சளாவதோடு வரும் அரிப்பு எதற்கும் க்ரீமை நம்பிக் காத்திருக்கக் கூடாது. கல்லீரல், சிறுநீரகப் பிரச்சினைகூட அரிப்பாகத் தலைகாட்டும்.

அடுத்த முறை கடைக்காரர் கேட்காவிட்டாலும், “என்ன அரிப்பு, எத்தனை நாளா?” என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், போக வேண்டிய இடம் மெடிக்கல் ஷாப் இல்லை, தோல் மருத்துவரின் கிளினிக்.