கொட்டாங்குச்சிக் குதிரை எப்படி ஓடுகிறது?

ரசத்துக்குத் தாளிக்கும்போது எண்ணெய் காய்வதற்குள் கடுகைப் போட்டால் அது சும்மா கிடக்கும். காய்ந்த எண்ணெயில்தான் வெடிக்கும். ராஜா படத்தில் கோமாளித்தனம் வேலை செய்வதும் அப்படித்தான். முதலில் அரண்மனையின் மிடுக்கு காய வேண்டும்.

தமிழில் அந்த எண்ணெயைக் காய்ச்சியதில் சேலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கிருந்த டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். ஒருவன் அரியணையில், ஒருவன் வெளியே. 2006-இல் சிம்புதேவன் ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’யில் வடிவேலுவிடம் கொடுத்ததும் அதே இரட்டையர் கதைதான். தர்பார், கிரீடம், செந்தமிழ் வசனம் எதையும் சிம்புதேவன் குறைக்கவில்லை. அந்தச் சூட்டில்தான் சாதிச் சண்டைக்கென்று தனி மைதானமும், ‘அக்காமாலா’, ‘கப்ஸி’ பானங்களும் விழுகின்றன. கர்ஜனைக்குக் காத்திருக்கும் காதில் வடிவேலுவின் குரல் வந்து வழுக்குகிறது. பாதிச் சிரிப்பு அந்தக் குரலுக்குத்தான்.

காதை ஏமாற்றுவதில் இன்னும் கெட்டிக்காரர்கள் இங்கிலாந்தின் மான்டி பைத்தான் குழுவினர். 1975-இல் வந்த அவர்களுடைய ‘ஹோலி கிரெயில்’ படத்துக்குப் பிங்க் ஃபிளாய்ட், லெட் செப்பெலின் போன்ற இசைக்குழுக்களும் பணம் போட்டன. அப்படியும் குதிரைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. என்ன செய்தார்கள்? மூடுபனி. குளம்புச் சத்தம் நெருங்குகிறது. கண்ணுக்கு முன்பே காது குதிரையை நம்பிவிடுகிறது. பனியை விலக்கிக்கொண்டு வருவதோ, கடிவாளம் பிடித்த பாவனையில் குதித்துக் குதித்து ஓடும் ஆர்தர் மன்னர். பின்னால் பணியாள் இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தட்டிக்கொண்டே வருகிறான்.

குளம்படிக்குக் கொட்டாங்குச்சி தட்டுவது வானொலி நாடகக்காரர்களின் பழைய உத்தி. ஒலிக்கூடத்துக்குள் ஒளித்துவைக்க வேண்டியதைக் கேமரா முன்னால் கொண்டுவந்ததுதான் இவர்களுடைய வேலை. அதோடு விடவில்லை. கோட்டைக் காவலன் மன்னரை விட்டுவிட்டுத் தேங்காயைப் பிடித்துக்கொள்கிறான்: இந்தக் குளிர்நாட்டுக்கு அது எப்படி வந்தது? (தென்னந்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்த பரமத்திவேலூர்க்காரருக்கு இந்தச் சந்தேகமே எழாது.) தகைவிலான் குருவி தூக்கி வந்திருக்குமா, அதற்கு அவ்வளவு பலம் உண்டா என்று வாதம் வளர்கிறது. மன்னரும் சிரிக்காமல் பதில் சொல்கிறார். அவர் மட்டும் லேசாகச் சிரித்திருந்தால் அடுப்பு அணைந்திருக்கும்.

நம் பக்கத்துக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மிருதங்கமும் முகவீணையும் மேடையிலேயே, நம் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும். திரைக்குப் பின்னால் நின்று ஆர்ப்பரிக்கும் துரியோதனனைக் கோமாளியான கட்டியக்காரன் ‘யாரப்பா நீ?’ என்கிற தோரணையில் விசாரிப்பான். ஊர்க்கதையையும் நடுவில் இழுப்பான். துரியோதனன் வேடக்காரர் மட்டும் மீசையை விட்டுக் கையை எடுக்கமாட்டார்.

புலிகேசியின் பிற்பாதி எனக்குச் சற்றுச் சப்பென்று இருப்பதும் இந்த அசையாத மிடுக்கு குறைவதால்தான். நல்லவனான உக்கிரபுத்தன் அரியணை ஏறி ஊரைத் திருத்தத் தொடங்கியதும் வசனத்தில் கருத்து ஏறுகிறது. முட்டாள் அரசனின் முழு நம்பிக்கை அங்கே இல்லை.