முன்னாடி 6 கார் போனாலும் "முதல் பரிசு"! குட்டி டிராக்கில் முட்டி மோதும் 4 வகை கார்கள்

துபாயில் 2025-ம் ஆண்டு ஜனவரியில் நடந்த 24 மணி நேர கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 3-வது இடம் பிடித்தது. தேசியக்கொடியுடன் அவர் சந்தோஷத்தில் திளைத்த காட்சியை டி.வி.யிலும் செல்போனிலும் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் முடிவு பட்டியலை பார்த்த ரசிகர்கள் பலருக்கு ஒரு குழப்பம். அந்த காருக்கு முன்னால் ஏகப்பட்ட கார்கள் இருந்தனவே, அப்புறம் எப்படி 3-வது இடம்?

இதில் ஏமாத்து வேலை எதுவும் இல்லை. அஜித் அணி பிடித்தது "992" என்ற பிரிவில் 3-வது இடம். பெரிய கார், நடுத்தர கார், சின்ன கார் எல்லாவற்றையும் ஒரே டிராக்கில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக பரிசு கொடுக்கும் பந்தயம் இது.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால் இப்படி. எக்ஸ்பிரஸ் பஸ், டவுன் பஸ், ஷேர் ஆட்டோ மூன்றையும் பஸ் ஸ்டாண்டு வாசலில் இருந்து ஒண்ணா கிளப்பி விடுகிறார்கள். ஆட்டோக்காரருக்கு போட்டி மற்ற ஆட்டோக்கள் மட்டும்தான். அவரை 6 பஸ் முந்திப்போனாலும் கவலை இல்லை, ஆட்டோவில் முதலில் வந்தால் அவர்தான் சாம்பியன். ஆனால் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பஸ்சுக்கு நடுவில் புகுந்து உயிரோடு வந்து சேரவேண்டும். சிக்கலே அங்கேதான்.

துபாய் டிராக் 5 கிலோ மீட்டருக்கு மேல் நீளம். பிரான்சில் நடக்கும் புகழ்பெற்ற லெமான்ஸ் 24 மணி நேர பந்தய பாதை 13.6 கிலோ மீட்டர். அங்கெல்லாம் கார்கள் பிரிந்து ஓட இடம் உண்டு. இதே கூத்தை வெறும் 2.4 கிலோ மீட்டர் பாதையில் நடத்தினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடத்தி காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தின் பெயர் லைம் ராக்.

லைம் ராக் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மலையும் மரமுமாக இருக்கும் கிராமப்பகுதியில் 1957-ல் திறக்கப்பட்ட டிராக் இது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வேயை விட கொஞ்சம்தான் நீளம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோ மீட்டர், அதைவிட ரொம்பவே சின்னது. பெரிய கேலரி கிடையாது. ஜனங்கள் மடக்கு நாற்காலி, சாப்பாட்டு கூடையோடு வந்து புல்மேட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

மொத்தம் 7 வளைவு. அதில் 6 வளைவு வலதுபக்கம், ஒன்றே ஒன்றுதான் இடதுபக்கம். வலதுபக்கமே திரும்பிக்கொண்டு இருப்பதால் பாரம் முழுக்க இடதுபக்க டயர்களில் விழும், அவைதான் சீக்கிரம் தேயும். நேர் ரோடு முடிந்ததும் "பிக் பெண்ட்" என்ற அகலமான வளைவு. முந்துவதற்கு நல்ல இடம் அதுதான். பிறகு மேடு ஏறி, கடைசியில் "டவுன்ஹில்" என்ற இறக்கத்தில் திரும்பிக்கொண்டே சரிந்து, மறுபடி நேர் ரோட்டுக்கு வந்து விழவேண்டும். இறக்கத்தில் திரும்பும்போது இன்னொரு கார் பக்கத்தில் வந்து ஒட்டினால் டிரைவருக்கு வயிற்றில் புளியை கரைக்கும்.

1993-ல் பி.ஜே.ஜோன்ஸ் ஓட்டிய ஈகிள் டொயோட்டா கார் இங்கே ஒரு சுற்றை 43.112 வினாடியில் முடித்தது. அதாவது சராசரியாக மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேல். வளைவு எல்லாம் சேர்த்துத்தான் இந்த கணக்கு!

36 வினாடிக்கு ஒரு ஓவர்டேக்

இங்கு "அமெரிக்கன் லெமான்ஸ்" தொடர் பந்தயம் 2004 முதல் 2013 வரை நடந்தது. அந்த காலத்தில் பந்தய நேரம் 2 மணி 45 நிமிடம். 2006-ல் இந்த தொடரில் 4 பிரிவுகள் இருந்தன. இரண்டு பிரிவு "புரோட்டோடைப்" கார்கள். பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டவை, தரையோடு தரையாக பல்லி மாதிரி ஒட்டி ஓடும். மற்ற இரண்டு பிரிவு "ஜி.டி." கார்கள். கடையில் விற்கும் போர்ஷே, கார்வெட், பெராரி போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களை பந்தயத்துக்காக மாற்றி அமைத்தவை.

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம். வேகமான கார் ஒரு சுற்றுக்கு 47 வினாடி, மெதுவான கார் 54 வினாடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 7 வினாடிதான். ஆனால் சுற்று ரொம்ப சின்னது என்பதால், வேகமான கார் சுமார் 6 நிமிடத்தில் ஒரு முழு சுற்று போய்விட்டு மெதுவான காரின் பின்னால் மறுபடி வந்து நிற்கும். 2 மணி 45 நிமிடத்தில் அதே காரை 27 தடவை முந்தவேண்டும். மெதுவான கார்கள் 10 இருந்தால்? 270 தடவை! சராசரியாக 36 வினாடிக்கு ஒரு ஓவர்டேக். மூச்சு விட நேரம் கிடையாது.

25 கார் ஓடினால் ஒரு காருக்கு கிடைக்கும் ரோடு 96 மீட்டர்தான். அந்த வேகத்தில் அது 2 வினாடியில் கடந்துவிடும் தூரம்.

யார் வழிவிட வேண்டும்?

மெதுவாக போகிறவர் ஒதுங்கவேண்டும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இங்கே விஷயம் வேறு. பின்னால் வேகமான கார் வருகிறது என்று நீலக்கொடி காட்டுவார்கள். அது எச்சரிக்கை மட்டுமே, "ரோட்டை விட்டு இறங்கு" என்ற உத்தரவு அல்ல. மெதுவான கார் தன் பாதையில் நேராக போய்க்கொண்டே இருக்கவேண்டும். திடீரென்று ஒதுங்கக்கூடாது. பத்திரமாக முந்தும் பொறுப்பு பின்னால் வருகிறவருக்குத்தான். ஏனென்றால் உதவி செய்கிறேன் என்று ஒதுங்குகிறவர், முந்த வருகிறவர் குறிவைத்த அதே இடத்துக்குள் போய்விடுவார். நடக்கும் மோதல்களில் பாதி இப்படி மரியாதை காட்டப்போய் வந்தவை என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இன்னொரு வில்லங்கம். ஜி.டி. காரும் நேர் ரோட்டில் நன்றாகவே ஓடும். புரோட்டோடைப் கார் அடித்து நொறுக்குவது வளைவில்தான். காற்று அதை தரையோடு அழுத்தி பிடிப்பதால் பிரேக்கை தாமதமாக போட்டு, வேகத்தை குறைக்காமல் திரும்பும். அதனால் முந்தக்கூடாத இடமான வளைவுக்கு நடுவிலேயே ஜி.டி. காரின் முதுகில் வந்து நிற்கும்.

ஜி.டி. டிரைவருக்கு இரண்டு வேலை. முன்னால் தன் பிரிவு எதிரியை விரட்டவேண்டும், பின்னால் கண்ணாடியையும் பார்க்கவேண்டும். வேகமான கார் தன்னை நேர் ரோட்டில் தாண்டிப்போனால் நஷ்டம் கொஞ்சம். வளைவில் தாண்டினால் வேகம் போய், அரை வினாடி, ஒரு வினாடி போய்விடும். அதே நேரம் எதிரி தப்பித்துக்கொள்வார். அனுபவசாலிகள் இதையே ஆயுதமாக்கி, எதிரி பஸ்சுக்கு பின்னால் மாட்டிய ஆட்டோ மாதிரி முழிக்கும் நேரம் பார்த்து பாய்வார்கள்.

எல்லாருமே சம்பளம் வாங்கும் டிரைவர்களும் கிடையாது. பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று டிரைவர்களுக்கு தரம் பிரித்திருக்கிறார்கள். வெண்கலத்தில் இருப்பவர்களில் பலர் தொழில் அதிபர்கள், சொந்த காசு போட்டு ஓட்டுகிறவர்கள். மின்னல் வேகத்தில் வரும் பிளாட்டினம் டிரைவரும், வார நாளில் ஆபீசில் உட்கார்ந்திருந்த முதலாளியும் டவுன்ஹில் இறக்கத்தில் ஒரே நேரத்தில் சந்திக்கிறார்கள்! 2013-ல் கார்வெட் அணி, பின்னால் வரும் காரை கண்டுபிடித்து திரையில் அம்புக்குறி காட்டும் ரேடார் கருவியையே காரில் பொருத்தியது.

டி.வி.யில் பார்க்கிறவர்களுக்கு ஒரு டிப்ஸ். கார் நம்பர் எழுதிய கட்டத்தின் நிறத்தை பாருங்கள். ஜி.டி. கார்களில் பெரிய பிரிவுக்கு சிவப்பு, அடுத்த பிரிவுக்கு பச்சை. நிறம் ஒன்றாக இருந்தால்தான் அது உண்மையான சண்டை. நிறம் வேறு என்றால் அது வெறும் டிராபிக்.

பெட்ரோல் போட போனால் அம்போ

சுற்று 50 வினாடிதான் என்பதால் பெட்ரோல் போடவும் டயர் மாற்றவும் "பிட்"டுக்குள் போனால் ஒரு சுற்று காலி. அவர் பிட்டுக்குள் போனதும் எங்கேயோ விபத்து நடந்து மஞ்சள் கொடி விழுந்துவிட்டால் அம்போதான். மற்றவர்கள் பாதுகாப்பு காருக்கு பின்னால் மெதுவாக போகும்போது பிட் வேலையை முடித்துக்கொள்வார்கள். முதலில் ஓடியவர் ஒரு சுற்று பின்தங்கி பரிதாபமாக நிற்பார். நீளமான டிராக்கில் இந்த அடி இவ்வளவு பலமாக விழாது.

சின்ன கார் கொடுத்த அடி

2006 ஜூலை 1-ந் தேதி, லெமான்சை பலமுறை வென்ற ஆடி ஆர்-8 கார் தன் கடைசி பந்தயத்தை லைம் ராக்கில்தான் ஓடியது. மெக்னிஷ், கபெல்லோ ஜோடி வெற்றியோடு அதை வழியனுப்பி வைத்தது. அதற்கு பதிலாக வந்த ஆர்-10, டீசலில் ஓடும் ராட்சதன். 12 சிலிண்டர், சுமார் 650 குதிரை சக்தி. லெமான்சில் அதை அடிக்க ஆளில்லை.

ஆனால் 2007-ல் நடந்தது வேறு. இரண்டாம் பிரிவை சேர்ந்த போர்ஷே ஸ்பைடர் கார், சக்தி குறைவுதான் என்றாலும், எடையில் ஆடியை விட சுமார் 150 கிலோ குறைவு. வளைவும் நெளிவுமான டிராக்குகளில் சட்டென்று நின்று, சட்டென்று கிளம்பியது. தன் பிரிவில் மட்டுமல்ல, ஒட்டுமொத்தத்திலும் முதலில் வந்தது. அந்த சீசனின் 12 பந்தயத்தில் 8 அதற்குத்தான், லைம் ராக்கும் சேர்த்து. நீளமான ரோடு இல்லாத இடத்தில் குதிரை சக்தியை எங்கே போய் காட்டுவது?

இந்த டிராக்குக்கு இது புதுசும் அல்ல. 1959-ல் எந்த கார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஒரு பந்தயம் நடத்தினார்கள். விலை உயர்ந்த ஐரோப்பிய கார்கள் எல்லாம் வந்தன. ரோட்ஜர் வார்டு என்ற டிரைவர் மண் டிராக்கில் ஓட்டும் "மிட்ஜெட்" குட்டி காரை கொண்டு வந்து அத்தனையையும் தோற்கடித்துவிட்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை தடை

அதே 1959-ல் கோர்ட்டும் ஒரு உத்தரவு போட்டது. டிராக் அருகிலேயே சர்ச் இருக்கிறது. சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தினர் வழக்கு போட, ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடத்த தடை விதிக்கப்பட்டது. உலகம் முழுக்க பந்தயம் ஞாயிறு நடக்கும், இங்கு மட்டும் சனிக்கிழமை. செப்டம்பர் மாத தொழிலாளர் தின விடுமுறையில் திங்கட்கிழமை பந்தயம் நடத்தி, நடுவில் வரும் ஞாயிறன்று பழைய கார்களை வரிசையாக நிறுத்தி கண்காட்சி வைப்பார்கள். டிராக் நிர்வாகம் மறுபடி போராடியும், 2020-ல் அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு தடையை நீக்கவில்லை.

ஹாலிவுட்டின் "ரேஸ்" நடிகர்

ஹாலிவுட் சூப்பர் ஸ்டார் பால் நியூமனுக்கு இது சொந்த டிராக் மாதிரி. 1969-ல் வெளியான ஒரு கார் பந்தய படத்துக்காக கற்றுக்கொள்ள போனவர், அப்படியே பந்தயத்துக்கு அடிமையாகிவிட்டார். 1979-ல் 54 வயதில் லெமான்சில் ஒட்டுமொத்தத்தில் 2-வது இடம், தன் பிரிவில் முதலிடம். 1995-ல் 70 வயதில் டேடோனா 24 மணி நேர பந்தயத்தில் பிரிவில் முதலிடம். நடிகர் விளம்பரத்துக்காக ஓட்டுகிறார் என்று சொன்னவர்கள் வாயடைத்து போனார்கள். 2008 ஆகஸ்டில் புற்றுநோய் முற்றிய நிலையிலும் லைம் ராக்குக்கு வந்து தன் காரை கடைசியாக சில சுற்று ஓட்டிவிட்டு போனார். அடுத்த மாதம் காலமானார்.

அமெரிக்காவின் முதல்தர ஸ்போர்ட்ஸ் கார் தொடர், 2015 முதல் லைம் ராக்கில் ஜி.டி. கார்களை மட்டும் ஓடவிட்டது. புரோட்டோடைப் கார்கள் வரவில்லை. கடைசியாக 2023 ஜூலையில் சிவப்பு, பச்சை இரண்டு பிரிவு மட்டும் ஓடின. 2024 அட்டவணையில் லைம் ராக் பெயர் இடம்பெறவில்லை.